ஜப்பான் பள்ளிச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டலாமா? ஓர் ஆங்கில ஆசிரியரின் விமர்சனம்

ஜப்பானில் ஆங்கிலம் சொல்லித்தரக் கிளம்புகிறவர்கள் சம்பளம், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். மதியத்துக்கு டப்பா கட்டிக்கொண்டு போவதா, இல்லை பள்ளியிலேயே போடும் கியூஷொகு என்ற மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவதா? மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடுகிறவர் என்றால் யோசிக்காமல் கட்டிவிடுங்கள். சைவம் என்றால் கட்டாதீர்கள். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ மட்டும் சாப்பிடாதவர் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

நான் பார்த்தது ஏஎல்டி என்று அங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்லும் உதவி மொழியாசிரியர் வேலை. வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வருகிறவர்கள், ஆள் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் வழியாக வருகிறவர்கள், நகராட்சி நேரடியாக எடுக்கிறவர்கள் என்று இதில் பல வகை உண்டு, சம்பளமும் விடுப்பும் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் மதியம் பன்னிரண்டரைக்குத் தட்டில் விழுவது எல்லோருக்கும் ஒன்றுதான். எனக்கு ஒரு நடுநிலைப் பள்ளியும் இரண்டு தொடக்கப் பள்ளிகளும் கொடுத்திருந்தார்கள். மாறி மாறிப் போனதால் மூன்று பள்ளிச் சாப்பாட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது.

முதலில் விலை. பள்ளி உணவுச் சட்டம் என்று 1954-இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி சமையற்கூடம், பாத்திரம், சமைப்பவர்களின் சம்பளம் எல்லாம் நகராட்சியின் பொறுப்பு, பெற்றோர் கட்டுவது பொருட்களுக்கான காசு மட்டும். கல்வி அமைச்சகம் 2023-இல் எடுத்த கணக்கில் தொடக்கப் பள்ளிக்கு மாதம் சராசரி 4,688 யென், நடுநிலைப் பள்ளிக்கு 5,367 யென். ஆசிரியர்களும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் கட்ட வேண்டும். எனக்கு ஒரு வேளைக்கு முந்நூறு யென்னைச் சுற்றித்தான் வந்தது. அந்தக் காசுக்குத் தெருமுனைக் கடையில் இரண்டு அரிசி உருண்டைதான் கிடைக்கும். இப்போது பல நகரங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாக்கிக்கொண்டு வருகிறார்கள், ஆசிரியர்கள் வழக்கம்போலக் கட்டத்தான் வேண்டும், அப்படியும் இது மலிவுதான்.

அந்த விலைக்கு என்ன வரும் என்றால், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிண்ணம் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வேகவைத்த கானாங்கெளுத்தி மீன் ஒரு துண்டு, கொமாட்சுனா கீரையும் பயற்றுமுளையும் கலந்து எள் தூவியது, காய்கறி நிறையப் போட்ட சூப், 200 மில்லி பால். இன்னொரு நாள் மாப்போ தோஃபு, அதாவது சோயாக்கட்டியைச் சீன முறையில் குழம்பாக்கியது, இன்னொரு நாள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்த நிகுஜாகா, எப்போதாவது முட்டை நிறைந்த சிஷாமோ மீன் தலையோடு வாலோடு. மாத ஆரம்பத்திலேயே முழுப் பட்டியலும் கையில் வந்துவிடும். எந்த நாள் எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், எந்தப் பொருள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று வகையில் எதில் சேரும் என்பது வரைக்கும் அதில் இருக்கும். உடம்பை வளர்ப்பது சிவப்பு, சக்தி தருவது மஞ்சள், உடம்பைச் சீராக வைப்பது பச்சை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடத் தோஃபு சிவப்பு என்று பட்டென்று சொல்லும்.

சுவையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பரிமாறுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சாப்பாட்டுக்கு நான் பணம் கட்டியதில் பாதி அதற்காகத்தான்.

நான்காவது பாடவேளை முடிந்து மணி அடித்ததும் அந்த வாரத்து முறைக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பையிலிருந்து வெள்ளை மேலங்கியையும் தொப்பியையும் எடுத்து மாட்டி, முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, நகம் வெட்டியாயிற்றா என்று ஒரு தாளில் குறித்த பிறகுதான் கிளம்ப விடுவார்கள். கீழே போய்ச் சோற்று டப்பாவையும் சூப் வாளியையும் இரண்டிரண்டு பேராகத் தூக்கி வருவார்கள். முதல் வகுப்பில் ஒரு சிறுமி சூப் ஊற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அகப்பையை அடிவரைக்கும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் தங்கிய கேரட்டையும் தோஃபுவையும் மேலே கொண்டுவந்து, கிண்ணத்தை வாளிக்கு மேலேயே பிடித்து ஊற்றினாள். கடைசிக் கிண்ணத்துக்கும் முதல் கிண்ணத்துக்கும் அளவு ஒன்றாக இருந்தது. ஆறு வயது. யாரும் அவளிடம் பார்த்து, பார்த்து என்று சொல்லவில்லை. வகுப்பாசிரியர் வெறுமனே பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

மற்ற பிள்ளைகள் அதற்குள் மேசைகளைத் திருப்பி நான்கைந்து பேர் கொண்ட குழுவாகச் சேர்த்திருப்பார்கள். ஏஎல்டி வந்தால் எந்தக் குழுவில் உட்காருவது என்பதற்கு ஒரு பட்டியலே போட்டு வைத்திருப்பார்கள், உங்கள் தட்டைப் பிள்ளைகளே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் போட்டு முடித்து, கையைக் கூப்பி, சாப்பிடும் முன் நன்றியாகச் சொல்லும் இததாகிமாஸுவைச் சொல்லும் வரைக்கும் ஒரு வாய் எடுக்கக் கூடாது. அதற்குள் ஒலிபெருக்கியில் ஒலிபரப்புக் குழுப் பிள்ளைகள் இன்றைய சாப்பாட்டைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பார்கள்: இன்றைய முள்ளங்கி பக்கத்து ஊரில் விளைந்தது, இன்றைய மீனுக்கு இதுதான் பருவம் என்று.

வகுப்பறையில் ஆங்கிலத்துக்கு வாயே திறக்காத பிள்ளை, சாப்பாட்டு மேசையில் பேசும். புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் தரையைப் பார்க்கும் ஒரு ஐந்தாம் வகுப்புப் பையன், என் தட்டில் நத்தோ என்ற புளிக்கவைத்த சோயாவைப் பார்த்துவிட்டு, பிடிக்குமா, பிடிக்காதா, ஏன், எங்கள் ஊரில் இருக்கிறதா என்று அரைகுறை ஆங்கிலத்தில் துளைத்து எடுத்துவிட்டான். எந்தப் பாடத் திட்டத்திலும் எழுதாத ஆங்கில வகுப்பு அது. 2020-க்குப் பிறகு கொஞ்ச காலம் கொரோனாவால் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி வாய் பேசாமல் சாப்பிட்டார்கள், நவம்பர் 2022-இல் அரசு பேச்சைத் தவிர்க்கச் சொல்லும் வரியை வழிகாட்டுதலிலிருந்து எடுத்தது. அந்தக் காலத்தில் பணம் கட்டியிருந்தால் எனக்கு இதன் மதிப்பில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

சரி, சுவை. இங்கே பள்ளிக்குப் பள்ளி பெரிய வித்தியாசம் உண்டு. பள்ளிக்குள்ளேயே சமையற்கூடம் இருந்தால் ஒரு தரம், நகரத்தின் பொதுச் சமையற்கூடத்தில் ஆயிரக்கணக்கில் சமைத்து லாரியில் அனுப்பினால் இன்னொரு தரம். சொந்தச் சமையற்கூடம் உள்ள தொடக்கப் பள்ளியில் பதினோரு மணிக்கே மாடி வரைக்கும் மணம் ஏறிவிடும், பொரித்தது மொறுமொறுப்பாகவே வரும். லாரியில் வருவதில் பொரித்த மீன் நமுத்துப் போயிருக்கும், நூடுல்ஸ் தனிப் பையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சூப்பும் குழம்பும் மட்டும் இரண்டிலும் நன்றாகவே இருக்கும், மூடி போட்ட கனத்த பாத்திரத்தில் வருவதால் சூடும் ஆறாது. வேலைக்குச் சேரும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வரிசையில் முதலிடம் கரே ரைஸ், அதாவது கறிக்குழம்பு ஊற்றிய சோறு. நம் குழம்புக்கும் அதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம். காரமே இல்லாமல், கொஞ்சம் இனிப்பாக, கெட்டியாக இருக்கும். ஆனால் அத்தனை பெரிய அண்டாவில் வெங்காயம் கரையும் வரைக்கும் வெந்ததில் ஒரு ருசி வந்துவிடுகிறது. அந்த நாளில் மிச்சம் என்று எதுவும் கீழே போகாது. இரண்டாவது அகே-பான், அதாவது ரொட்டியை எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையோ வறுத்த சோயாமாவோ புரட்டியது. இது 1952-இல் டோக்கியோவின் ஓட்டா வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பிறந்தது என்று சொல்வார்கள். காய்ச்சலில் வராத பிள்ளைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ரொட்டி காய்ந்துபோகிறதே, எப்படிக் கொடுத்தால் ருசியாக இருக்கும் என்று அங்கிருந்த சமையற்காரர் யோசித்ததில் வந்ததாம். மூன்றாவது, யாரும் புகழாத ஒன்று: வக்காமே கடற்பாசி கலந்த சோறு. உப்பும் கடல் வாசமுமாக, பக்கத்தில் ஒன்றும் இல்லாமலே சாப்பிடலாம்.

பிடிக்காதது என்றால் பால்தான். பாலின் தரத்தில் குறை இல்லை, ஆனால் மீன் சோறு மிசோ சூப்போடு குளிர்ந்த பாலைக் குடிப்பது எனக்குக் கடைசி வரைக்கும் ஒட்டவில்லை. இது எனக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. போருக்குப் பிறகு வெளிநாட்டு உதவியாக வந்த பால் பொடியும், பிறகு அமெரிக்கக் கோதுமையும்தான் பள்ளிச் சாப்பாட்டின் அஸ்திவாரம், சோறு முறைப்படி உள்ளே வந்ததே 1976-இல்தான். ரொட்டிக்குத் துணையாக வந்த பால், ரொட்டி போய்ச் சோறு வந்த பிறகும் கால்சியக் கணக்குக்காகத் தங்கிவிட்டது. நீகாத்தா மாநிலத்தின் சன்ஜோ நகரம் 2014 டிசம்பரில் சோற்றுக்குப் பால் பொருந்தாது என்று சோதனையாக நிறுத்தியே பார்த்தது, பிறகு பால் குடிக்கத் தனி நேரம் ஒதுக்கியது. எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது.

இப்போது சைவக்காரர்களுக்கு. இறைச்சியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. கீரை, தோஃபு, முள்ளங்கி என்று பார்த்தால் சைவமாகத் தெரியும் எல்லாவற்றிலும் தாஷி இருக்கும். காய்ந்த கட்சுவோ மீன் சீவலிலோ சிறு நெத்திலிக் கருவாட்டிலோ இறக்கிய சாறு அது. மிசோ சூப் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு முட்டையோ பாலோ இல்லாமல் தனியாகச் செய்து பெயர் எழுதி அனுப்பும் பள்ளிகள்கூட, ஆசிரியருக்காகத் தாஷி இல்லாமல் தனியாகச் சமைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, கேட்பதும் நியாயம் இல்லை. டப்பா கட்டிக்கொண்டு போய் அதே மேசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்கு முன்கூட்டியே துணைத்தலைமை ஆசிரியரிடம் சொன்னால் போதும். மாடு, பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்கள் மாதப் பட்டியலை யாரிடமாவது கொடுத்து, அந்த நாட்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். தொன்ஜிரு என்ற சூப்பில் பன்றி இருப்பது பெயர் தெரிந்தவர்களுக்குப் புரியும், மாப்போ தோஃபுவில் கொத்திறைச்சி இருப்பது பார்த்தவுடன் தெரியாது. அந்த நாட்களில் சோறும் பாலும் பழமும் மட்டும் மிஞ்சும், ஒரு வாழைப்பழமோ கடலையோ மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தத்தில் நான் இதுவரை சாப்பிட்ட எந்த உணவகத்தையும்விட இதை நம்புவேன். பிள்ளைகளுக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே தலைமையாசிரியர் தட்டு தனியாகப் போய்விடும், அவர் சாப்பிட்டுப் பார்த்து, நிறம், மணம், வெந்திருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்திருப்பார்கள். வெள்ளரிக்காயைக்கூடப் பல இடங்களில் வெந்நீரில் போட்டெடுத்துத்தான் சாலட் செய்வார்கள். 1996-இல் ஒசாகா பக்கத்துச் சக்காய் நகரில் பள்ளிச் சாப்பாட்டின் வழியாக ஓ-157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள், சிறுமிகள் சிலர் இறந்தும் போனார்கள், இந்தக் கறார் எல்லாம் அதற்குப் பிறகு இறுகியது. இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளும்போது ஆசிரியர் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்ப்பதையும் அங்கே கவனிப்பீர்கள். டோக்கியோவின் சோஃபு நகரில் 2012 டிசம்பரில் பால் ஒவ்வாமை உள்ள ஒரு சிறுமி அப்படி இரண்டாவதாக வாங்கியதில் பாலாடைக்கட்டி கலந்திருந்து உயிரே போய்விட்டது. அதனால் உங்கள் தட்டிலிருந்து பக்கத்துப் பிள்ளைக்கு ஆசையாக ஒரு துண்டு எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாகப் போகும், அங்கே கூடவே கூடாது.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. சாப்பிட உண்மையில் கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடம்தான், பரிமாறுவதற்கே பாதி நேரம் போய்விடும். மெதுவாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இது பெரிய பாரம். நான் போன ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், மற்றவர்கள் துடைப்பத்தோடு மேசைகளைத் தள்ள ஆரம்பித்த பிறகும் ஒரு பையன் ஹிஜிகி என்ற கறுப்புக் கடற்பாசிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அழவில்லை, வாயில் வைத்ததை விழுங்கவும் இல்லை. வீணாக்கக் கூடாது என்று கற்றுத்தருவது சரி, நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ஆனால் ஒரு குழந்தைக்குச் சாப்பாட்டின்மேலேயே பயம் வரும்படி செய்தால் அதில் என்ன கல்வி இருக்கிறது? ஆரம்பத்திலேயே அளவைக் குறைத்து வாங்கிக்கொள்ள விடுகிற ஆசிரியர்கள்தான் இப்போது அதிகம், அந்த வகுப்புகளில் மிச்சமும் குறைவாகத்தான் இருந்தது.

வகுப்பாசிரியர்களுக்கு இது ஓய்வு நேரமும் இல்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் முக்கால் மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் பிள்ளைகள் சாப்பிடும் நேரம் அவர்களுக்குப் பணி நேரம். அள்ளிப் போட்டுக்கொண்டு, மிச்ச நேரத்தில் வீட்டுப்பாட நோட்டுத் திருத்துவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பத்து நோட்டாவது முடியும்.

நாட்களைப் பொறுத்துச் சிறப்புகள் வரும். தனபாத்தா என்ற நட்சத்திரத் திருவிழாவுக்கு நட்சத்திர வடிவ ஜெல்லி, பிப்ரவரியில் வறுத்த சோயா பொட்டலம், பட்டமளிப்புக்குச் சிவப்புப் பயறு போட்ட சோறு. தொயாமா மாநிலத்தின் இமிசு நகரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முழு நண்டே கொடுப்பார்கள், எங்கள் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. மீந்த புட்டிங்குக்கு நடக்கும் ஜன்கென் (கல், கத்தரிக்கோல், காகிதம்) போட்டியில் நீங்களும் கை நீட்டலாம், வகுப்பு அதை ரொம்ப விரும்பும்.

இந்திய உணவு நாள் என்று ஒன்றும் வரும். நானும் வீட்டில் அண்டா அளவுக்குச் சமைத்துப் பழகிய குடும்பத்தில் வந்தவன் என்பதால் அன்றைக்கு ஆவலாகக் காத்திருந்தேன். நாண் ரொட்டியும் கொத்திறைச்சிக் கறியும் வந்தது, கூடவே தயிர் தடவிச் சுட்ட கோழி. பிள்ளைகள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். கோழி நன்றாகவே இருந்தது, நன்றாக இருக்கிறது என்றேன், ஆனால் எங்கள் வீட்டில் தினமும் சாப்பிடுவது இது இல்லை, சோறுதான், உங்களைப் போலவே, என்றதும் மேசையில் ஒரே ஆச்சரியம். அப்புறம் உணவியல் ஆசிரியை என்னைத் தேடி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். 2005-இல் இப்படி ஒரு பதவியையே உருவாக்கியிருக்கிறார்கள், சமையற்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் பாலம் அவர்தான். சாம்பார் எப்படிச் செய்வது என்று கேட்டு, பருப்பு எத்தனை கிராம், புளிக்குப் பதில் என்ன போடலாம், காரம் எவ்வளவு குறைத்தால் முதல் வகுப்புப் பிள்ளை சாப்பிடும் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அடுத்த பருவத்தில் தக்காளியும் பூசணியும் போட்டு, புளிப்புக்குத் தக்காளியையே நம்பி, பருப்புக் குழம்பு ஒன்று வந்தது. பெருங்காயம் இல்லை, தாளிப்பு இல்லை, சாம்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் பருப்பு குழையக் குழைய வெந்திருந்தது, சோற்றோடு பிசைந்தால் ஒட்டிப் பிடித்தது. அதற்கும் மிச்சம் இல்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். எல்லா ஊரிலும் கியூஷொகு உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். யோக்கோஹாமா மாதிரிப் பெரிய நகரத்திலேயே நடுநிலைப் பள்ளிகளுக்குப் பெட்டியில் வரும் மதிய உணவு கியூஷொகு என்ற சட்டக் கணக்குக்குள் வந்தது 2021-இல்தான், ஆகவே வேலை ஒப்புக்கொள்ளும்போதே கேளுங்கள். பல பள்ளிகளுக்குப் போகிற ஏஎல்டி என்றால் எந்த நாள் எங்கே சாப்பாடு என்பதை மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் உறுதி செய்துகொள்ளுங்கள், அட்டவணை மாறினால் உங்கள் தட்டு வேறொரு பள்ளியில் காத்திருக்கும், நீங்கள் இந்தப் பள்ளியில் பசியோடு இருப்பீர்கள். ரத்து செய்வதென்றால் சில நாள் முன்னதாகவே சொல்ல வேண்டும், காலையில் சொன்னால் காசு போனதுதான். சில பள்ளிகளில் குச்சிகளும் மேசையில் விரிக்கும் துணியும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வராவிட்டாலும் நமக்கு வேலை உண்டு, சமையற்கூடம் மூடியிருக்கும், அந்த வாரங்களுக்கு மட்டும் டப்பா கட்டிக்கொள்ளுங்கள்.